மொய் நோட்டில் ஏறிய வீடு

முதல் ஞாயிற்றுக்கிழமையே சதுரம் நிற்கவில்லை.

ஓர் ஏழைக் குடும்பத்துக்காக நாங்கள் சில தன்னார்வலர்கள் ஞாயிறுகளில் கூடிக் கட்டிய வீடு அது. வெளிஅளவு 15 அடிக்கு 20 அடி. மூலைக்கு மூலை டேப் பிடித்தால் சரியாக 25 அடி வரவேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 கணக்கை ஐந்தால் பெருக்கியதுதான். எங்களுக்கு ஒரு மூலைவிட்டம் 25 அடி 2 இஞ்ச், இன்னொன்று 24 அடி 10 இஞ்ச். சுண்ணாம்புப் பொடி கொட்டிக் கோடு போட்டு, மாணவர்கள் ஒரு மூலையில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டியும் விட்டார்கள். கொத்தனார் அப்போதுதான் வந்து சைக்கிளை வேலியோரம் சாய்த்தார். டேப் எதையும் கேட்கவில்லை. தெருவிலிருந்தே ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, “வீடு நடந்து போற மாதிரி இருக்கே தம்பி” என்றார்.

தப்பு என்னுடையது. கட்டட வரைபடம் போட்டுப் பிழைப்பவன் நான். ஆனாலும் முன்பக்கக் கோட்டைச் சாலையை வைத்தும், பக்கவாட்டுக் கோட்டைப் பக்கத்து வேலியை வைத்தும் போட்டேன். அந்த வேலி சாலைக்கு மூலைமட்டமாகத்தான் இருக்கும் என்று நானாக நம்பிக்கொண்டேன். பின்வரிசை முளைகள் இரண்டையும் மூன்று இஞ்சுக்குக் கொஞ்சம் கூடத் தள்ளியதும் இரண்டு மூலைவிட்டமும் 25-க்கு வந்துவிட்டன. தோண்டிய பள்ளத்தில் பாதியை மூடினோம். இது நடந்தது தை மாதக் கடைசியில். வைகாசிக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்பது அந்த வீட்டுப் பாட்டி போட்ட கெடு. அதை விட்டால் ஆனி, ஆடி இரண்டு மாதமும் அவர் புது வீட்டுக்குள் காலெடுத்து வைக்கமாட்டார்.

இடம் தஞ்சாவூர் மாவட்டக் கரையோரத்தில் சேதுபாவாசத்திரம் பக்கம், கடலிலிருந்து நடந்துபோகிற தூரம். வீட்டில் மூன்று பேர்: மீன் ஏலக்கூடத்தில் கூடை சுமக்கும் ஓர் அக்கா, அவருடைய மாமியார், பத்தாவது படிக்கும் மகள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது இவர்களுடைய கூரைவீட்டின் மேல் தென்னைமரம் விழுந்தது. அதன்பிறகு அதே மண்சுவரில் தார்ப்பாய் கட்டி, கீற்று மாற்றி, திரும்பத் திரும்பத் தார்ப்பாய் கட்டியே வருடங்கள் போய்விட்டன. பட்டா இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது. அதை மாற்றி வாங்கிய பிறகுதான் தமிழக அரசின் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பெயர் வந்தது.

அந்தத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய். வீடு 360 சதுர அடி இருக்கவேண்டும். அதில் 300 சதுர அடிக்கு ஆர்.சி.சி. (கம்பி போட்ட கான்கிரீட்) தளம், மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத பொருளில் சாய்ப்புக் கூரை போட்டுக்கொள்ளலாம். நான் 15-க்கு 20 என்று எடுத்ததே இந்தக் கணக்குக்காகத்தான். பெருக்கினால் 300, முன்னால் 15-க்கு 4 ஒரு தாழ்வாரம் வைத்தால் மீதி 60. பணம் முன்கூட்டி வராது. ஒரு கட்டம் முடிந்து, படம் எடுத்து ஏற்றிய பின்தான் அந்தக் கட்டத்துக்கான தொகை கணக்கில் விழும். ஆக, முதல் கல்லை வாங்கப் பணம் வேண்டும். அந்தப் பணம் கல்லைக் கட்டி முடித்தபிறகுதான் வரும். ஏழை வீடு பேஸ்மென்ட்டோடு நின்று புல் முளைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எங்கள் ஊர்ப்பக்கக் கான்ட்ராக்ட்காரர் ஒருவர் முழு வீட்டுக்கும் ஆறரை லட்சம் கேட்டார். அவர் கேட்டது அநியாயம் இல்லை. இன்றைய கூலிக்கும் கம்பி விலைக்கும் அவ்வளவு ஆகும்தான்.

இடையில் நிற்கும் மூன்று லட்சத்தை எப்படிக் குறைப்பது என்று உட்கார்ந்து பேசியபோதுதான் மொய் நோட்டு யோசனை வந்தது. பேராவூரணி, புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர்களுக்கு மொய் விருந்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டுக் கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர்கள் மொய் எழுதுவார்கள். எழுதியவர் விருந்து வைக்கும்போது, வாங்கியவர் மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்யவேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, மறந்தால் மானம் போகும். கஜாவில் தென்னை போனபிறகு இந்த விருந்துகளே கொஞ்ச காலம் சுருங்கிப்போயின.

நாங்கள் அதே மாதிரி ஒரு நீள நோட்டு வாங்கினோம். பணத்துக்குப் பதிலாக வேலையை எழுதினோம். “மம்பட்டி வேலை, 1 நாள்.” “டிராக்டர், கிராவல் 2 நடை.” “தண்ணீர் 1 டேங்க்.” மகளிர் குழு “மத்தியானச் சோறு, 25 பேர்” என்று எழுதியது. ஊரிலிருந்து சிங்கப்பூர் போயிருக்கும் ஒரு தம்பி மட்டும் பணமாகத் தந்தார். அவர் பணம் சுழல்நிதி மாதிரி முதலில் கல்லாகி, தவணை வந்ததும் திரும்பவும் பணமாகி, அடுத்து கம்பியானது. இந்தக் குடும்பம் வாங்கிய நாட்களை அடுத்த வீட்டுக்குத் திருப்பிச் செய்யவேண்டும் என்பது பேச்சு. பாட்டிக்கு இது உடனே பிடித்துவிட்டது. தர்மம் என்று கொடுத்திருந்தால் அவர் வாங்கியிருக்க மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

கடைக்கால் வேலையை அதிகம் சொல்லவேண்டியதில்லை. மூன்றடி தோண்டி, மணல் கொட்டி, தண்ணீர் விட்டு அடக்கி, சிமென்ட், மணல், ஜல்லி 1:4:8 கணக்கில் கலவை, மேலே கருங்கல் கட்டு, அதன்மேல் சுற்றிலும் கம்பி போட்ட கான்கிரீட் பெல்ட். பேஸ்மென்ட் எவ்வளவு உயரம் என்பதில் மட்டும் ஒரு விவாதம். நான் சாலையிலிருந்து ஒன்றரை அடி வரைந்திருந்தேன். பாட்டி பழைய சுவரில் மழைத்தண்ணீர் நின்ற கறையைக் கைகாட்டினார். தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் வைத்துப் பார்த்தால் நான் வரைந்த தரைக்கு மேலே நாலு விரற்கடை. இரண்டரை அடிக்கு ஏற்றினோம். அதனால் உள்ளே நிரப்ப வேண்டிய கிராவல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கானது. நிரப்பியதை அரை அடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடிக்கவேண்டும். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் பதினைந்து பேர் அன்று வந்திருந்தார்கள். பாட்டுப் போட்டு அருமையாக இடித்தார்கள். வடகிழக்கு மூலைக்கு வந்தபோது மணி இரண்டு. முகமெல்லாம் வாடிக் கிடந்தது. “சரி விடுங்கப்பா, சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம்” என்றேன். சாப்பிட்டபிறகு அதை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

இந்த மூலையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். கடற்கரையோரம் வீடு கட்டுகிறவர்கள் சிமென்ட், கம்பி எந்தக் கம்பெனி என்று விசாரிப்பதில் பாதியைத் தண்ணீருக்குக் கொடுத்தால் போதும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2000 வரை பரவாயில்லை. எங்கள் மனையில் இருந்த போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். இரண்டுக்கும் ஆகாது என்று வந்தது. உப்பு உள்ளே போய்விட்டால் கம்பி துருப்பிடித்து வீங்கும், வீங்கினால் கான்கிரீட் பிளக்கும். பத்து வருடத்தில் சீலிங்கிலிருந்து பாளம் பாளமாக விழுகிற வீடுகளை இந்தக் கரை முழுக்கப் பார்க்கலாம். அதனால் கலப்பதற்கும் நனைப்பதற்கும் வெளியிலிருந்து நல்ல தண்ணீர் என்று முடிவு செய்து, நீல டிரம் நல்ல தண்ணீருக்கு, கறுப்பு டிரம் கை கால் கழுவ என்று பிரித்து வைத்தோம்.

மூன்றாவது வாரம், புதிதாக வந்த ஒரு பையன் நீல டிரம் காலியாக இருக்கிறதே என்று நல்ல எண்ணத்தில் போர் மோட்டாரைப் போட்டு நிரப்பிவிட்டான். ஒரு மூட்டைச் சிமென்ட்டுக்குக் கலவையும் போட்டாகிவிட்டது. டீ கொண்டுவந்த அக்கா டம்ளரை அலச டிரம்மில் கைவிட்டார். விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, “இது நம்ம போர் தண்ணி” என்றார். யாரும் நம்பவில்லை. கொத்தனார் தானும் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துத் துப்பினார். அந்தக் கலவை முழுவதையும் வாசலில் சைக்கிள் நிறுத்தும் இடத்துக்குக் கொட்டி இழுத்துவிட்டோம். இன்றைக்கும் அந்தத் துண்டு மட்டும் பனிக்காலத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கிறது. பையன் அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை; டிரம் இரண்டுக்கும் அவன்தான் காவல்.

சுவரை எலிப்பொறிக் கட்டு முறையில் எழுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பல பத்தாண்டுகள் கட்டிக்காட்டிய முறை. வழக்கமாகப் படுக்கவைக்கும் செங்கல்லை ஒருக்களித்து நிறுத்துவது. 9 இஞ்ச் சுவரில் வெளிமுகத்துக்கு ஒரு கல், உள்முகத்துக்கு ஒரு கல். ஒவ்வொன்றும் 3 இஞ்ச் பருமன் என்றால் நடுவில் 3 இஞ்ச் வெற்றிடம். அடுத்து ஒரு கல் குறுக்கே, இரண்டு முகத்தையும் பிணைத்து. மேலிருந்து பார்த்தால் வரிசையாகக் குட்டிக் குட்டிக் கூண்டு. கல்லும் குறையும், கலவையும் குறையும், நடுவில் காற்று இருப்பதால் வெயிலும் உள்ளே இறங்காது.

கொத்தனார் முழுதும் கேட்டுவிட்டு, “எலிக்கா வீடு கட்டுறோம்?” என்றார்.

அவர் நாற்பது வருடம் படுக்கைக் கட்டு கட்டியவர். நியாயமான சந்தேகம் ஒன்றும் வைத்திருந்தார்: நாட்டுச் செங்கல் ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது, நிறுத்திவைத்தால் மேல்மட்டம் பல்லிளிக்கும். அதை ஒப்புக்கொண்டு, அளவு ஒத்துவரும் சேம்பர் கல்லுக்குப் போனோம். சூளைக்காரர் விலை குறைத்துத் தந்தார், நோட்டிலும் எழுதிக்கொண்டார். லோடு வந்து இறங்கும்போதே கொத்தனார் இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டி, மணிச்சத்தம் வராததையெல்லாம் ஒதுக்கினார். இடுப்பளவிலிருந்து கீழே போட்டு உடையாததைத்தான் வரிசையில் அடுக்கவிட்டார்.

முதல் மூன்று வரி நரகம். கரணையால் கலவையைப் போடும் பழக்கத்தில் பாதி அந்தக் கூண்டுக்குள் விழுந்தது. உள்ளே விழுவதெல்லாம் காசு. அதோடு வெற்றிடம் அடைத்துக்கொண்டால் இந்த முறைக்கே அர்த்தமில்லை. கொத்தனார் இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள் காலை அவரே சென்ட்ரிங் பலகையிலிருந்து 3 இஞ்ச் அகலத்துக்கு ஒரு ரீப்பரை அறுத்து, நடுவில் ஓர் ஆணி அடித்துக் கைப்பிடி வைத்துக்கொண்டு வந்தார். ரீப்பரை வெற்றிடத்தின் மேல் மூடிவைப்பார், இரண்டு பக்கமும் கலவையை இழுப்பார், ஆணியைப் பிடித்துத் தூக்குவார், கல்லை நிறுத்துவார், கரணைப் பிடியால் இரண்டு தட்டு. நாலு கல்லுக்கு ஒருமுறை தூக்குக்குண்டு. அன்று மத்தியானத்துக்குள் அவர் வேகம் பழையபடி வந்துவிட்டது. நான் படித்த புத்தகங்களிலும் இப்படி ஒரு பலகை சொல்லியிருந்தது. முதல் நாளே காட்டியிருக்கலாம். ஆனால் அவர் கண்டுபிடித்தபிறகு, அது அவருடைய முறையாகிவிட்டது. இப்போது வேறு இடத்துக்கு வேலைக்குப் போனாலும் அந்த ரீப்பர் அவர் பையில் இருக்கிறது.

காற்றுக்கு அஞ்ச வேண்டிய ஊர் என்பதால் நான்கு மூலையிலும், கதவு ஜன்னல் ஓரங்களிலும் பெல்ட்டிலிருந்தே 12 மி.மீ. கம்பியை மேலே விட்டு, அந்த இடத்துக் கூண்டுகளில் மட்டும் கான்கிரீட் நிரப்பித் தளத்தோடு கட்டினோம். பேஸ்மென்ட்டுக்கு மேல் முதல் வரியும், கதவு ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டலுக்குக் கீழ் வரியும் வெற்றிடமில்லாத கெட்டிக் கட்டு. இதையெல்லாம் கழித்தும், 6,000 கல் பிடிக்கும் சுவர் 4,900-இல் முடிந்தது. ஒயரிங் பைப்பையும் வெற்றிடத்துக்குள் இறக்கிவிட்டதால் பிறகு சுவரை உளியால் கொத்தும் வேலை அனேகமாக இல்லை. எலெக்ட்ரிக் கடைக்காரர் இதைப் பார்த்துத் தன் வீட்டு மாடிக்கும் இதே கட்டு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

பேக்கர் தளத்திலும் ஓடு பொதித்துக் கான்கிரீட்டை மிச்சப்படுத்துவார். எனக்கும் ஆசைதான். உப்புக்காற்றில் அதைச் செய்ய தைரியம் வரவில்லை. இங்கே கம்பியைச் சுற்றி எவ்வளவு கெட்டியான கான்கிரீட் இருக்கிறதோ அவ்வளவுதான் ஆயுள். 5 இஞ்ச் முழுத்தளம், கம்பியைப் பலகையில் படாமல் தூக்கிப்பிடிக்க அடியில் வழக்கமான 20 மி.மீ.க்குப் பதில் 30 மி.மீ. கவர் பிளாக். தளத்துக்கு மட்டும் 32 மூட்டை போயிற்று. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் என்று சில உண்டு.

தளம் போட்டது பங்குனிக் கடைசி ஞாயிறு. முந்தின இரவு கோடை மழை ஒரு மணி நேரம் அடித்திருந்தது. காலையில் வெயில் வந்துவிட்டது, மிக்ஸர் மிஷினும் வந்துவிட்டது, ஆட்கள் இருபது பேர். ஒரு மூட்டைக்கு ஒரு கலவை. சாரத்தில் கீழிருந்து மேல்வரை வரிசையாக நின்று பாண்டுச் சட்டியைக் கைமாற்றினோம். பத்தாவது மூட்டையில் எனக்குத் தோள்பட்டை போய்விட்டது. எனக்கு முன்னால் நின்ற ஏலக்கூடத்து அக்காக்கள் இருவரும் சட்டியை வாங்கிக் கொடுத்தபடியே குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இருபதாவது மூட்டை சுமாருக்கு, கீழே நூல் பார்த்துக்கொண்டிருந்த மாணவன் கத்தினான். சென்ட்ரிங் பலகைக்கு அடியில் கட்டியிருந்த நூலுக்கும் பலகைக்கும் இடையில் இருந்த இடைவெளி ஒரு மூலையில் குறைந்துகொண்டே வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் சவுக்கு முட்டு ஒன்று அரை இஞ்சுக்கு மேல் தரைக்குள் இறங்கியிருந்தது. எந்த மூலை என்று சொல்லவேண்டியதில்லை. சாப்பாட்டுக்காக நான் விட்டுக்கொடுத்த அதே வடகிழக்கு. சரியாக இடிபடாத கிராவல், அதன்மேல் இரவு மழை, அதற்கும் மேல் ஈரக் கான்கிரீட்டின் பாரம். முட்டுக்கு அடியில் பலகையும் இல்லை.

கொத்தனார் மேலே ஆட்களை அந்த மூலையிலிருந்து விலகச் சொன்னார். கத்தவில்லை. அவர் மகனும் சென்ட்ரிங்காரரும் உள்ளே நுழைந்து, பக்கத்தில் இரண்டு புது முட்டு நட்டு, அடியில் அகலப் பலகை கொடுத்து, இரண்டு பக்கத்திலிருந்தும் ஆப்பு அடித்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் மாணவன் நூலைப் பார்த்து “கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்...” என்று சொல்லிக்கொண்டிருந்தான். கான்கிரீட் இறுகுவதற்குள் தூக்கியாக வேண்டும். இறுக ஆரம்பித்தபின் தூக்கினால் விரிசல்தான். முக்கால் மணி நேரத்தில் நூல் மட்டத்துக்கு வந்தது. முழுக்க வரவில்லை, கால் இஞ்ச் குறை நின்றுவிட்டது. அந்த மூலையில் பாய் போட்டுப் படுத்து மேலே பார்த்தால் தெரியும். நான் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் முதலில் அதைத்தான் பார்க்கிறேன். பாட்டி சரியாக அந்த மூலையில்தான் படுக்கிறார்.

மறுநாள் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். இது யாரும் படம் எடுத்துப் போடாத வேலை. வீடு கட்ட வருகிறேன் என்பவர்கள் எல்லோரும் செங்கல் வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள், நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். செங்கல் வைக்கக் கொத்தனார் இருக்கிறார். நாங்கள் வைத்த கல்லை அவர் எடுத்துவிட்டு மறுபடி வைப்பார். அந்த வெயிலில் பத்து நாளும் தினம் காலையும் மாலையும் யாராவது ஒருவர் ஏணியில் ஏறிப் பாத்தி காயாமல் பார்த்துக்கொள்வதுதான் தன்னார்வலர்கள் செய்ய வேண்டிய வேலை. மகள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் போகும் முன் ஏறிப் பார்த்துவிட்டுப் போவாள். டேங்கர் வராத ஒரு நாள், மகளிர் குழுவினர் குடிநீர்க் குழாயில் ஆளுக்கு இரண்டு குடம் பிடித்து ஊற்றினார்கள். நோட்டில் அது “34 குடம்” என்று இருக்கிறது.

முட்டுகளைப் பிரித்தபின், வடகிழக்கு மூலையில் இரண்டடி தோண்டி எடுத்துத் திரும்ப இடித்தோம். இந்த முறை திமிசுக் கட்டை என் கையில். அப்புறம் பூச்சு, தரை, கழிப்பறை, வெள்ளை எல்லாம் வழக்கம்போல். தாழ்வாரத்துக்குப் பழைய வீடு ஒன்றைப் பிரித்தவரிடமிருந்து சீமை ஓடு வாங்கினோம். தாழ்வாரக் கூரையின் மரச்சட்டத்தைத் தளத்தோடு பிணைக்கவில்லை. காற்று அதைப் பிடுங்கினாலும் வீட்டுக் கூரையையும் சேர்த்து இழுக்கக்கூடாது. ஓடுகளை மட்டும் வரிசைக்குக் கம்பி போட்டுக் கட்டி, ஓரத்தில் சாந்து வைத்தோம். அதில் இரண்டு ஓட்டுக்கு நடுவே இன்னும் ஒழுகுகிறது. மூன்று தடவை ஏறிப் பார்த்தாகிவிட்டது, இடம் பிடிபடவில்லை.

மொத்தச் செலவு நாலே முக்கால் லட்சத்தைத் தொட்டது. அரசுத் தொகை போக மீதியில், சிங்கப்பூர்த் தம்பியின் பணம் ஒரு பகுதி இன்னும் சுழன்றுகொண்டிருக்கிறது. அக்கா மாதாமாதம் கொஞ்சம் கட்டுகிறார்.

வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். சீர்வரிசையோடு வந்தவர்களிடம் பாட்டி நோட்டைக் காட்டி, தான் எத்தனை நாள் கடன் என்று கூட்டிச் சொல்லச் சொன்னார். நான் கூட்டினேன். கொத்தனார் கூலியில் விட்டுக்கொடுத்தது போக, 212 ஆள்நாள். பாட்டி கொஞ்ச நேரம் விரல்விட்டுப் பார்த்துவிட்டு, “என் ஆயுசுக்குள்ள முடியாது, பேத்தி பேருக்கு மாத்தி எழுது” என்றார்.

ஆவணியில் அடுத்த வீட்டுக்கு மனை போட்டோம், கிழக்கே நாலு தெரு தள்ளி. இந்த முறை புது ஸ்டீல் டேப். மறுமுனையைப் பேத்தி பிடித்திருந்தாள். ஒரு மூலைவிட்டம் 25 அடி. அடுத்ததற்கு நகரும்போது அவள் அம்மா டிரம் பக்கம் போய் விரலை விட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தார்.

“சரியா இருக்கு” என்றார் அங்கிருந்தே. டேப்பும் 25 காட்டியது.